மதுரையில் ஒரு பகல்: மிகுபொருள் விரும்பாமை



இல்லறத்தார்க்கு நம் முன்னோர் வகுத்த ஐந்து அணுவிரதங்களுள் கொல்லாமையை நாம் மறப்பதில்லை. நீரை வடிகட்டிப் பருகுகிறோம். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கிறோம். ஐந்தாவதாகிய மிகுபொருள் விரும்பாமை பற்றிப் பேச்செழுந்தால் மட்டும், "அது துறவிகளுக்கு உரியது" என்று ஒதுங்கிவிடுகிறோம். நாமும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அவ்வாறே ஒதுங்கியிருந்தோம். ஒரு நாள் பயணம் அவ்வெண்ணத்தை மாற்றியது.

ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்று, பல்லாண்டுகள் தனித்திருந்தபின், வந்தவாசிப் பக்கத்திலிருந்த இல்லத்தை விற்றுவிட்டு, இராசபாளையத்தை அடுத்த ஆலங்குளத்தில் மகள் வீட்டிற்கு வந்து சேர்ந்தோம். உடன் வந்தவை ஐந்து தகரப் பெட்டிகள். அவற்றுள் ஒன்றில் அன்னையார் விட்டுச்சென்ற வெண்கலப் பாத்திரங்களும் ஒரு பித்தளைக் குத்துவிளக்கும் இருந்தன. அவ்விளக்கைத் தங்கை கேட்டாள். மூத்தவளாகிய எமக்கே அது உரியது என்று மறுத்துவிட்டோம். அன்றுமுதல் பதினோராண்டுகளாக இருவருக்கும் பேச்சில்லை. விளக்கோ பெட்டிக்குள் துணி சுற்றிக் கிடந்தது; ஒருநாளும் ஏற்றப்படவில்லை.

மதுரையை நாம் பார்த்ததில்லை என்றறிந்த பேரன், ஒரு விடுமுறை நாளில் அழைத்துச் சென்றான். கட்டுச்சோறும் வடிகட்டிய நீரும் எடுத்துக்கொண்டு, விடியுமுன் வாடகை வண்டியில் புறப்பட்டுத் திருமங்கலம் வழியே சென்றோம்.

முதலில் கீழக்குயில்குடிச் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரங்களும் ஐயனார் கோயிலும் உள்ளன. பேரன் கைபற்ற, படிகளில் மெல்ல ஏறிப் பேச்சிப்பள்ளம் அடைந்தோம். அங்கே பாறைச் சுவரில் பார்சுவநாதர், பாகுபலி முதலிய திருமேனிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள். காலம் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகள் என்பர் ஆய்வாளர். ஒரு திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி முனிவரின் தாயார் குணமதியார் என்று கல்வெட்டு கூறுகிறது. வேறு சில, குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சேர்ந்த மாணாக்கர் செய்வித்தவை. அக்குறண்டி இன்று நாம் வாழும் விருதுநகர் மாவட்டத்திலேயே உள்ளது. நம் துறவிகள் தங்கிக் கற்பித்த இடத்தின் பெயராகிய 'பள்ளி' என்ற சொல்லே இன்று பிள்ளைகள் பயிலும் இடத்திற்கு வழங்குகிறது. வாழ்நாளெல்லாம் பள்ளியில் உழைத்த எமக்கு அவ்விடத்தில் கண் கலங்கியது.

நண்பகலில் உணவு முடித்து, திருமலை நாயக்கர் மகாலை அடைந்தோம். 1636ஆம் ஆண்டளவில் எழுந்த அரண்மனை அது. வானளாவிய தூண்களும் சுதை வேலைப்பாடு மிக்க வளைவுகளும் கண்டு பேரன் வாய்மூடாமல் நின்றான். நாம் காண்பது முழு அரண்மனை அன்று. பழைய கட்டடத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே எஞ்சியுள்ளது. திருமலை மன்னரின் பேரராகிய சொக்கநாத நாயக்கரே தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது இதன் பகுதிகளைப் பெயர்த்துச் சென்றார். சிதைந்து கிடந்த எஞ்சிய பகுதியைச் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு 1866க்கும் 1872க்கும் இடையில் பழுது பார்த்தார்.

"பாட்டி, இவ்வளவு பெரிதாகக் கட்டியது தவறா?" என்று பேரன் வினவினான்.

தவறு என்று சொல்லவே முதலில் நாவெழுந்தது. ஆயினும் காலையில் கண்ட குணமதியார் நினைவிற்கு வந்தார். அத்திருமேனியைச் செய்விக்க அவருக்கும் பொருள் வேண்டியிருந்தது அன்றோ? பொருள் இல்லாதார் கொடுப்பது எங்ஙனம்? எனவே, "பொருள் இருப்பது குற்றமில்லை, கண்ணே. அதை யாருக்காக வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி" என்றோம். சொல்லி முடித்தபின் அவ்விடை எம்மையே சுட்டியது.

மாலையில் கடைவீதி. மகளுக்கும் எமக்குமாக இரண்டு சுங்குடிப் புடவைகள் வாங்கினோம். பொட்டலத்தைக் கையில் இடுக்கியவாறு மேலமாசி வீதியில் நடந்தபோது, காந்தியடிகள் தங்கிய வீட்டைப் பேரன் காட்டினான். மதுரைக்கு வரும் வழியில், கதராடை வாங்கப் பொருளில்லை என்று ஏழை மக்கள் கூறியது அடிகளின் உள்ளத்தைத் தைத்தது. 1921 செப்டம்பர் 22 அன்று, இம்மதுரையில்தான் அவர் மேலாடை துறந்து அரையாடை பூண்டார். 1931இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்கும் அவ்வாறே சென்றார். இளமையில் அவர் இங்கிலாந்து செல்லுமுன், மது, மாது, புலால் விலக்கும் உறுதியைத் தாயார் பொருட்டு அவருக்கு அளித்தவர் பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி. அவர் பெரிதும் மதித்த அறவழிகாட்டிகளுள் ஒருவர் ஸ்ரீமத் ராஜசந்திரர். நம் அறத்தின் விதை அவர் நெஞ்சில் விழுந்திருந்தது என்று நாம் பெருமை கொள்கிறோம். ஆனால் அன்று கையில் புதுப்புடவைப் பொட்டலத்தோடு அவ்வாயிலில் நின்ற எமக்குப் பெருமை தோன்றவில்லை, நாணமே தோன்றியது.

கதிரவன் மறையுமுன் ஓரிடத்தில் அமர்ந்து, மீதியிருந்த உணவை உண்டு திரும்பினோம். வழியெல்லாம் ஒரே சிந்தனை. ஒரே நகரில் நான்கு நிலைகளைக் கண்டோம். தீர்த்தங்கரர் எதுவும் கொள்ளாதவர். காந்தியடிகள் தம்மிடம் இருந்ததைக் குறைத்துக்கொண்டவர். குணமதியார் இருந்ததை அறத்திற்கு ஈந்தவர். அரண்மனையோ, சேர்த்து வைத்தது மூன்றாம் தலைமுறையிலேயே பெயர்க்கப்பட்டதற்குச் சான்று. முதல் நிலை இப்பிறவியில் எமக்கு எட்டாது. இரண்டாவது அரிது. மூன்றாவதோ நம்மில் யார்க்கும் இயலுவதே.

ஐந்தாம் அணுவிரதம் 'யாவற்றையும் விடு' என்று இல்லறத்தாரைப் பணிக்கவில்லை. 'இவ்வளவு போதும் என்று எல்லை கட்டு. எல்லைக்கு மேற்பட்டதைப் பிறர்க்கு ஆக்கு' என்றே கூறுகிறது. உடைமை என்பது பொருளில் இல்லை, அதன்மேல் நாம் கொள்ளும் பற்றில் உள்ளது என்பதே நம் ஆசாரியர்களின் விளக்கம். ஐந்து பெட்டிகளும் சுமையல்ல. ஏற்றாத ஒரு விளக்கே சுமை. அதன் பொருட்டு உடன்பிறந்தாளை இழந்தோமே, அது கொல்லாமை விரதத்திற்கும் இழுக்கன்றோ? பிற உயிரின் மனத்தை வருத்துவதும் இம்சையே என்று வகுப்பில் எத்தனை முறை கற்பித்திருப்போம்!

மறுநாள் பெட்டிகளைத் திறந்து, உள்ளவற்றை ஒரு தாளில் எழுதினோம். எம் தேவைக்கு ஒரு பெட்டி போதுமானதாயிற்று. பெரிய பாத்திரங்கள் ஊர் ஜினாலயத்து மடைப்பள்ளிக்குச் சென்றன. புதுப்புடவைகளுள் ஒன்று, வீட்டில் உதவிபுரியும் பெண்மணிக்கு ஆயிற்று. விளக்கைத் துலக்கி, மன்னிப்பு வேண்டும் கடிதம் ஒன்றுடன் தங்கைக்கு அனுப்பினோம். மறுமொழி இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம், பதினோராண்டுப் பிழை ஒரு கடிதத்தில் தீருமென்று எதிர்பார்ப்பதும் ஒருவகை ஆசையே. விளக்கு எங்கோ ஓரிடத்தில் எரியட்டும்.

அன்பர்களே, தசலட்சணப் பருவத்தில் உத்தம ஆகிஞ்சன்யம் என்னும் பற்றின்மை நாளைக் கொண்டாடுகிறோம். அந்நாளில் ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு தாளை எடுத்து, வேண்டியவை எவை, வெறுமனே வைத்திருப்பவை எவை என்று எழுதிப் பாருங்கள். பிள்ளைகளை உடன் அமர்த்தி எழுதச் சொல்லுங்கள். மதுரை செல்வோர் அரண்மனையைக் காணுங்கள். அதற்குமுன் சமணர் மலையில் ஏறி, குணமதியார் என்ற தாயின் பெயர் பொறித்த பாறைமுன் சற்று நில்லுங்கள்.

அறம் வளர்க!