அடுத்த வீட்டு ஆண்டுப் பிறப்பு

கிள்ளானில் நான் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலத்தில், பங்குனி மாதத்து நாளொன்றில் மாணவன் ஒருவன் பள்ளிக்கு வரவில்லை. மறுநாள் காரணம் கேட்டேன். “நேற்று எங்களுக்கு வருசப் பிறப்பு ஐயா” என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. “சித்திரை பிறக்க இன்னும் நாள் இருக்கிறதே தம்பி, நீ மட்டும் முந்திக்கொண்டாயோ?” என்று கேட்டும் வைத்தேன். அவன் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள் என்பதை நான் அறிவேன். அறிந்தது அந்த வேளையில் உதவவில்லை. அவன் மறுமொழி கூறாமல் அமர்ந்துவிட்டான்.

அந்தச் சிரிப்பு என்னை விட்டு நீங்கவில்லை. ஒரு கூட்டத்தார் இதுவே ஆண்டின் முதல் நாள் எனக் கொள்ளும்போது, அன்று எனச் சொல்லும் உரிமை பிறருக்கு எங்கிருந்து வருகிறது?

இயற்கையிலிருந்து வருவதாகச் சிலர் கூறுவர். ஞாயிறு மேட ராசியில் புகும் நாளன்றோ சித்திரை முதல் நாள் என்பர். ஆடாகிய மேடத்தை ராசிகளின் தலையாக வைத்துக் கூறும் மரபு நெடுநல்வாடையிலேயே உண்டு. ஆகவே அதன் பழைமையை ஐயுற வேண்டுவதில்லை. ஆயின் வானம் நம் பொருட்டு நின்றுவிடவில்லை. இரவும் பகலும் ஒத்த நாளும் மேடப் பிறப்பும் ஒருகாலத்தில் ஒன்றியிருந்தன. இன்றோ முன்னது மார்ச் 20 அல்லது 21இலும், பின்னது ஏப்ரல் 14ஐ ஒட்டியும் நிகழ்கின்றன. தை முதல் நாளே தமிழாண்டின் தொடக்கம் என்பாரோ அறுவடையைக் காட்டுவர். அதுவும் அழகிய சான்றுதான். ஆனால் நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பரும் செம்பனையும் தை பார்த்தா பலன் தருகின்றன? சுற்றிவரும் பாதைக்குத் தொடக்கம் என ஒரு புள்ளி கிடையாது. அங்கே கோடு கிழித்து, “இங்கிருந்து எண்ணுவோம்” என்றவன் மனிதன்.

கோடு கிழிப்பதிலும் எத்தனை நுட்பம்! 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பிற்பகலில், இந்திய நேரப்படி, ஞாயிறு மேடத்தில் புகுந்தது. ஞாயிறு மறையுமுன் புகுந்தால் அன்றே ஆண்டுப் பிறப்பு என்பது தமிழர் கணக்கு. பகற்பொழுதின் ஐந்தில் மூன்று பங்கு கழிவதற்குள் புக வேண்டும் என்பது மலையாளிகள் கணக்கு. ஆகவே நமக்கு 14ஆம் நாள் சித்திரை பிறந்தது. அவர்கள் 15ஆம் நாள் விஷுக்கனி கண்டார்கள். கொன்றைப் பூவும் வெள்ளரிக்காயும் கண்ணாடியும் வைத்து விடியற்காலையில் கண்விழிக்கும் அம்மக்களுக்கு, கொல்லம் ஆண்டின் எண் மாறுவதோ சிங்கத்தில், அதாவது நம் ஆவணியில்.

தெலுங்கரின் உகாதி நிலவைப் பின்பற்றுவது. 2025இல் அது மார்ச் 30ஆம் நாள் வந்தது. நம் சித்திரை ஏப்ரல் 14இல் வந்தது. அவ்வாண்டுக்கு அவர்கள் இட்ட பெயரும் விசுவாவசு, நாம் இட்ட பெயரும் விசுவாவசு. அறுபதாண்டுச் சுழற்சி இருவருக்கும் பொது. நான் நகையாடிய சிறுவன் வீட்டிலும் நம் ஆண்டின் பெயரே முன்னதாக வந்து சேர்ந்திருந்தது!

தொடக்கம் என்பது உடன்பாடுதான் என்றால், எல்லோரும் கூடி ஒரே நாளை உடன்பட்டாலென்ன என்று கேட்கலாம். இந்திய அரசு அதையும் செய்து பார்த்தது. மேகநாத சாகா தலைமையில் 1952இல் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழில் அது அச்சேறியது, அடுக்களைக்குள் நுழையவில்லை. தமிழ்நாட்டில் 2008இல் சட்டம் இயற்றித் தை முதல் நாளைப் புத்தாண்டாக்கினர். 2011இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆண்டுப் பிறப்பு என்பது எண்ணிக்கை மட்டுமாயின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருக்கும். அது பாட்டி கைவிசேடம் தந்த நாள். தாத்தா மருத்துநீர் தேய்த்துக் குளிப்பாட்டிய நாள். அந்த உடன்பாட்டில் கையெழுத்திட்டவர்களுள் பெரும்பாலோர் இன்று உயிரோடு இல்லை. இல்லாதவர் வாக்கை இருப்பவர் கைதூக்கி மாற்றுவது எளிதன்று.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. இந்நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எழுவரே இந்தியர். அந்த எழுவரும் ஆளுக்கொரு புத்தாண்டு என்று பிரிந்தால் யார் நம்மைப் பொருட்படுத்துவர் என்பது அது. இக்கவலை பொய்யன்று. ஆயினும் எழுவருள் தமிழர் மிகப் பெரும்பாலோர். “இந்தியர் பண்டிகை” என்று நாம் சொல்லும்போது நம் பண்டிகையையே கருதிவிடுகிறோம். சித்திரை முதல் நாள் இந்நாட்டில் தேசியப் பொது விடுமுறையன்று. அதனைப் பிறர் மறந்துபோவதில் நமக்கு மனத்தாங்கல் உண்டு. அதே மறதியை நம்மிலும் சிறியோரிடம் நாம் காட்டும்போது அதற்கு ஒற்றுமை என்று பெயரிடுகிறோம். பெரிய கூட்டம் நம்மிடம் சொன்னால் கசக்கும் வாதம், நம் வாயிலிருந்து வரும்போது மட்டும் இனிக்குமோ?

வாழ்த்துவதிலும் பிழை நேர்வதுண்டு. வைசாகியைச் சீக்கியரின் புத்தாண்டு என்றே நம்மில் பலர் வாழ்த்துகிறோம். அவர்கள் உள்ளத்தில் அந்நாள் முதன்மையாக, 1699இல் குரு கோபிந்த் சிங் அனந்தபூரில் கால்சாவை நிறுவிய நாள். நானக்சாகி நாட்காட்டியின் ஆண்டோ மார்ச் 14இல் தொடங்குகிறது. எல்லாவற்றையும் ஒரே மேடையில் ஏற்றி, ஒரே பதாகையின் கீழ் ஆளுக்கு ஒரு நடனம் ஆடச் செய்துவிட்டால் இவ்வேறுபாடு தெரியாமலே போகும். பிரிக்பீல்ட்சில் வாழ்ந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தார் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும் சிங்களவரின் பௌத்த மகா விகாரையும் அங்கேதான் இருக்கின்றன. இலங்கையில் எத்தனையோ கசப்புக்கிடையிலும் இவ்விரு இனத்தாரின் புத்தாண்டு ஏப்ரலில் ஒருங்கே வருகிறது. நாள் ஒன்றானதால் மனம் ஒன்றாகிவிடவில்லை; நாள் வேறானால் மனம் வேறாக வேண்டும் என்பதும் இல்லை.

மறு ஆண்டு உகாதியன்று, கரும்பலகையில் நாளும் கிழமையும் எழுதி, அதன் கீழே “உகாதி வாழ்த்து” என்று எழுதினேன். அந்தச் சிறுவன் அதற்குள் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தான். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்றாள். “எங்கள் வீட்டிலும் இன்றைக்குத்தான் ஐயா” என்றாள். முந்தைய ஆண்டு வகுப்பு சிரித்தபோதும் அவள் அங்கேதான் அமர்ந்திருந்தாள்.