வென்றால் புகழும் வீழ்ந்தால் பழியும்

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 5ஆம் திகதி, சனிக்கிழமை. சென்னைக்கு அண்மையில், இருங்காட்டுக்கோட்டையிலுள்ள மோட்டார்ப் பந்தயத் திடலில் இந்தியத் தேசிய மோட்டார் சைக்கிள் போட்டியின் மூன்றாஞ் சுற்று நடைபெற்றுக்கொண்டிருந்தது. புதுமுக வீரர்களுக்கான பிரிவிலே பெங்களூரைச் சேர்ந்த ஷ்ரேயாஸ் ஹரீஷ் என்னும் சிறுவன் ஓட வந்திருந்தான். பதின்மூன்று வயது நிறைந்து பத்து நாட்களே ஆகியிருந்தன. முந்திய ஆண்டு சிறுவர்க்கான இந்திய மினி ஜீ.பீ. போட்டியில் முதல்வனாகி, ஸ்பெயின் நாட்டின் வலென்சியாவில் நடந்த உலக இறுதிப் போட்டிக்கும் போய்வந்தவன் அவன். அந்தப் பருவத்திலே தொடர்ந்து நான்கு ஓட்டங்களில் வென்றிருந்தான். அன்று காலை நடந்த தகுதிகாண் ஓட்டத்திலும் அவனே முதலாவதாக வந்தான்.

பின்னர் பந்தயம் தொடங்கியது. தொடங்கிச் சிறிது நேரத்திலேயே, முதலாம் வளைவில் அவன் விழுந்தான். தலையிலே பலத்த காயம். சிவப்புக் கொடி காட்டிப் பந்தயம் நிறுத்தப்பட்டது. அம்புலன்ஸ் வண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார்கள். பிள்ளை பிழைக்கவில்லை. எஞ்சிய பந்தயங்கள் யாவும் இரத்துச் செய்யப்பட்டன.

இந்தச் செய்தியைக் கேட்டபோது நம்மில் பலர் என்ன சொன்னோம்? “பதின்மூன்று வயதுப் பிள்ளையை இப்படியொரு விளையாட்டிலே விடலாமா? பெற்றாருக்கு அறிவில்லையா?” என்றோம். ஆனால் அதே பிள்ளை அன்று மாலை வெற்றிக் கிண்ணத்தோடு நின்றிருந்தால்? “கெட்டிக்காரப் பிள்ளை. பெற்றார் கொடுத்துவைத்தவர்கள்” என்று சொல்லியிருப்போம். காலையிலும் மாலையிலும் பிள்ளை ஒன்று, பெற்றார் ஒன்று, அவர்கள் எடுத்த தீர்மானமும் ஒன்றே. முடிவு மட்டும் வேறு. அப்படியானால், ஒரு செயல் நல்லதா தீயதா என்பதை அதன் முடிவா தீர்மானிக்கிறது?

சற்று ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய கேள்வி இது. நமது குருநகர், பாசையூர்க் கரையிலிருந்து இரவிலே கடலுக்குப் போகும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். காற்றையும் வானத்தையும் பார்த்து, வள்ளத்தையும் இயந்திரத்தையும் சரிபார்த்துப் போகிறார். நிறைந்த வலையோடு திரும்பி வந்தாலும், கடல் அவரைக் கொண்டுபோனாலும், அவர் போனது சரியான செயலே. அதற்கு மாறாக, புயல் எச்சரிக்கையைக் கேட்டும், குடித்துவிட்டு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனவர் தற்செயலாகப் பத்திரமாக வந்து சேர்ந்தாலும், அவர் செய்தது பிழையே. தப்பிவந்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்துக்கு நாம் ஒழுக்கம் என்று பெயர் சூட்டக்கூடாது.

ஆகவே முடிவைக் கொண்டு தீர்ப்பிடுவோமானால் இருமுறை தவறுகிறோம். துயரத்தில் இருக்கும் பெற்றாரின்மேல் கல்லெறிகிறோம். தப்பிப் பிழைத்த அசட்டுத் துணிவுக்கு மாலை போடுகிறோம்.

அப்படியாயின் எதைக் கொண்டு தீர்ப்பிடுவது? ஆபத்து இருக்கிறது என்பதனாலேயே ஒரு செயல் தீயதாகிவிடாது. பனையேறுவது ஆபத்து; தீயணைப்பது ஆபத்து; பிள்ளை பெறுவதிலும் ஆபத்து உண்டு. அஞ்சவேண்டியதற்கு அஞ்சாதிருப்பது பேதைமை என்பது வள்ளுவர் கருத்து. வீரம் என்பது கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிவுக்கும் நடுவிலே நிற்பது என்றார் அரிஸ்டோட்டில். அந்த நடுவிடத்தைக் காண மூன்று கேள்விகள் நமக்கு உதவும். இந்த ஆபத்து எந்த நன்மைக்காக? தவிர்க்கக்கூடிய ஆபத்துகள் எல்லாம் தவிர்க்கப்பட்டனவா? ஆபத்தைச் சுமப்பவர் அதை விளங்கி, விரும்பி ஏற்றவரா?

முதலாவது கேள்விக்கு மோட்டார் சைக்கிளோட்டம் ஓரளவு நல்ல பதில் சொல்லும். விளையாட்டு வீணல்ல. உடற்பயிற்சியும் மன ஒருமைப்பாடும் தோல்வியைத் தாங்கும் பண்பும் இல்லாமல் எவரும் நல்ல ஓட்டவீரர் ஆவதில்லை. இரண்டாவது கேள்விக்கும் அது பதில் தேடியே வந்திருக்கிறது. தோலங்கி, தலைக்கவசம், வளைவுகளுக்கு வெளியே விழுந்தவர் மோதாமல் சறுக்கிப்போக விடப்படும் வெளி, கொடி பிடிக்கும் அலுவலர்கள், திடலிலேயே காத்திருக்கும் வைத்தியர் என்று எத்தனையோ ஏற்பாடுகள். எதிரே லொறி வராத, குறுக்கே மாடு வராத பாதை அது.

மூன்றாவது கேள்வியிலேதான் தடை வருகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வளைவிலே வண்டியைச் சாய்க்கத் தெரியும். ஆனால் மரணம் என்றால் என்ன என்று தெரியுமா? “எனக்கு வேண்டாம், பயமாயிருக்கிறது” என்று தன்னை நம்பிச் செலவழித்த பெரியவர்களுக்கு முன்னால் சொல்லும் சுதந்திரம் அதற்கு உண்டா?

உலகம் இந்தக் கேள்வியை 2021இல் பெரும் விலை கொடுத்தே கற்றது. அவ்வாண்டு மே மாதம் இத்தாலியில் 19 வயதான சுவிஸ் வீரர் ஜேசன் டுபாஸ்கியேயும், ஜூலையில் ஸ்பெயினில் 14 வயதான ஹியூகோ மில்லானும், செப்ரெம்பரில் அதே நாட்டில் 15 வயதான டீன் பேர்ட்டா வினியாலெஸும் பந்தயத் திடல்களில் அடைந்த காயங்களால் மாண்டார்கள். அதன் பின்னரே உலகச் சம்பியன் போட்டிக்கான குறைந்த வயதை 2023 முதல் பொதுவாக 18 ஆக உயர்த்தினார்கள்.

இதற்கு மறுப்பும் உண்டு. “சிறுவயதிலே பழகாதவன் பின்னர் வல்லவனாக மாட்டான், பழகாமல் பெரிய வண்டியில் ஏறுவதே கூடிய ஆபத்து” என்பார்கள். நியாயம் இல்லாத பேச்சல்ல. ஆனால் பழகுவது வேறு, பந்தயம் வேறு. நீந்தப் பழகும் பிள்ளையை நாம் உடனே ஆழ்கடலில் விடுவதில்லை. வேகம் இரட்டித்தால் மோதலின் வலு நான்கு மடங்காகும். அந்தக் கணக்குப் பிள்ளையின் திறமையைப் பார்த்துக் குறைந்து கொடுப்பதில்லை.

நமது நாட்டிலும் ஒரு துயரம் நடந்தது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் மோட்டார்ப் பந்தயத்தில், ஓடுபாதையை விட்டு விலகிய கார் ஒன்று நின்றவர்கள்மேல் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தனர். ஆபத்தை விரும்பி ஏற்றவர் ஓட்டுநர். உயிரைக் கொடுத்தவர்கள் வேறு பேர். நமது துணிச்சலின் செலவை அயலார் கொடுக்க நேருமானால் அதை வீரம் என்று எப்படிச் சொல்வது?

இனி நம் வீட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலே பந்தயத் திடலில் ஓடும் பிள்ளைகள் மிகச் சிலரே. ஆனால் பலாலி வீதியிலும் பருத்தித்துறை வீதியிலும் மாலை வேளையில் நின்று பாருங்கள். சாதாரண தரப் பரீட்சை முடிந்தவுடன் வீட்டிலே தொடங்கும் பேச்சு நமக்குத் தெரிந்ததே.

“அப்பா, சோதனையும் முடிஞ்சுது. கனடா மாமா காசு அனுப்புறன் எண்டவர். ஒரு மோட்டச்சைக்கிள் எடுத்துத் தாங்கோவன்.”

“லைசென்ஸ் எடுக்கப் பதினெட்டு வயசாக வேணுமடா தம்பி.”

“எல்லாப் பெடியளும் ஓடுறாங்கள், அப்பா.”

சில நாட்கள் மௌனம். பின்னர், “கவனமா ஓடு தம்பி” என்ற ஒரு வார்த்தையோடு திறப்புக் கைமாறுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் சிவப்புக் கொடியாவது இருந்தது. அம்புலன்ஸ் காத்து நின்றது. நமது ஒழுங்கையிலே இருப்பவை மதகும் மின்கம்பமும் சைக்கிளிலே ரியூஷனுக்குப் போகும் அயல்வீட்டுப் பிள்ளையுமே. பெங்களூர்ப் பெற்றாரைக் கண்டித்த நாம், அவர்கள் செய்த ஏற்பாடுகளில் பத்திலொன்றையாவது செய்தோமா?

வேக மோகத்தாலே தன் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குவது பாரதூரமான குற்றம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2290ஆம் இலக்கத்தில், “கொலை செய்யாதே” என்ற கட்டளையின் கீழேயே, கற்பிக்கிறது. விபத்து நேர்ந்தால் மட்டும் குற்றம் என்று அங்கே சொல்லப்படவில்லை. ஆபத்துக்குள்ளாக்குவதே குற்றம். பிள்ளை பத்திரமாக வீடு வந்து சேர்ந்த இரவுக்கும் அது பொருந்தும்.

ஷ்ரேயாஸின் பெற்றாரைத் தீர்ப்பிடும் வேலை நம்முடையதல்ல. அவர்களுக்கு நாம் கொடுக்கக்கூடியது அனுதாபமும் செபமுமே. ஆனால் அந்தச் சனிக்கிழமை நம்மிடம் ஒரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கிறது. எதற்காக, எவ்வளவு பாதுகாப்போடு, யார் சம்மதத்தோடு என்பதை மாலையில் கேட்டுப் பயனில்லை. காலையில், திறப்பு இன்னும் நம் கையில் இருக்கும்போது கேட்கவேண்டும். அப்போது “பொறு தம்பி, இரண்டு வருஷம் பொறு” என்று சொல்லும் தகப்பனைப் பிள்ளை கொஞ்சக் காலம் கோபிக்கும். கோபிக்கப் பிள்ளை வீட்டில் இருக்கிறதே, அதுவே பெரிய காரியம்.