கையெழுத்துப் போடாத மன்னர்

பெல்ஜியம் நாட்டு மன்னர் போத்வேன் 1990 ஏப்ரலில் ஒன்றரை நாள் போல மன்னராக இல்லை. நோய், போர், புரட்சி எதுவும் காரணமில்லை. ஒரு மசோதாவில் கையெழுத்துப் போட அவருக்கு மனம் ஒப்பவில்லை. அமைச்சரவை அவரை 'ஆள இயலாத நிலையில் இருப்பவர்' என்று அறிவித்தது, அவர் இடத்தில் தானே கையெழுத்திட்டுச் சட்டத்தை வெளியிட்டது. ஏப்ரல் 5ஆம் தேதி நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடி, மன்னர் இனி ஆளலாம் என்று தீர்மானம் போட்டன. ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை. 93 பேர் மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் இருந்துவிட்டார்கள்.

சார்பதிவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கையெழுத்துதான் என் பிழைப்பாக இருந்தது. அதனால் இந்தக் கதையை முதலில் படித்தபோது எல்லோரையும்போல என்னால் சிரிக்க முடியவில்லை.

மசோதா கருக்கலைப்பு பற்றியது. இக்கட்டில் இருக்கும் பெண், 12 வாரங்களுக்குள், மருத்துவர் மூலம் கருவைக் கலைத்துக்கொண்டால் குற்றமில்லை என்றது. லாலெமான் என்ற சோஷலிஸ்ட் செனட்டரும் மிஷியெல்சென்ஸ் என்ற லிபரல் பெண் செனட்டரும் கொண்டுவந்தது. இரு அவைகளிலும் நிறைவேறிவிட்டது. போத்வேன் ஆழ்ந்த பக்தியுள்ள கத்தோலிக்கர். அவருக்கும் அரசி ஃபபியோலாவுக்கும் பிள்ளை இல்லை. ஐந்து முறை கருத்தரித்தும் ஒன்றும் தங்கவில்லை என்று அரசியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தத் துக்கம்தான் மன்னரின் கையைத் தடுத்தது என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்லப் பிடிக்காது. ஒருவருடைய விசுவாசத்தை அவருடைய காயத்தைக் கொண்டு விளக்கிவிட்டால், அப்புறம் அதற்குப் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு நமக்கு இல்லாமல் போகிறது.

பிரதமர் வில்ஃப்ரிட் மார்டென்ஸுக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஒரு கேள்வி இருந்தது. மனச்சாட்சிச் சுதந்திரம் நாட்டில் எல்லோருக்கும் உண்டு, மன்னருக்கு மட்டும் கிடையாதா? அதே கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது: தன் மறுப்பால் ஜனநாயகம் தடைப்பட்டு நிற்கக்கூடாது, அரசும் நாடாளுமன்றமும் ஒரு வழி காணட்டும் என்பது. வழியை மார்டென்ஸ் கண்டுபிடித்தார். அரசியல் சட்டத்தின் 82ஆம் பிரிவு, மன்னரால் ஆள முடியாமல் போகும் நிலைக்கென்று இருந்தது. போத்வேனின் அப்பா மூன்றாம் லியோபோல்டை ஜெர்மானியர்கள் சிறைப்பிடித்தபோது கைகொடுத்த பிரிவு அது. எதிரிப் படையின் பிடியில் இருந்த அப்பாவுக்குப் பொருந்திய சட்டத்தை, மனச்சாட்சியின் பிடியில் இருந்த பிள்ளைக்கும் பொருத்தினார்கள். சட்டம் படித்தவர்கள் பலர் இதைக் கேலிக்கூத்து என்றார்கள். கேலிக்கூத்துதான். ஆனால் அதன் அடியில் இருந்த கேள்வி கேலிக்கு உரியதல்ல: பதவியில் இருப்பவரின் கை யாருடையது?

என் மேஜையில் இது வேறு உருவத்தில் வரும். விடுதலைப் பத்திரம் என்று ஒன்று உண்டு. கூட்டுச் சொத்தில் தன் பாகத்தை மற்றப் பங்காளிகளுக்கு விட்டுக்கொடுப்பது. பெரும்பாலும் அக்கா தங்கைகள்தான் அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுப்பார்கள். ஒரு முறை, ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் தம்பிகளோடு வந்திருந்தார். "இந்தப் பத்திரத்தை எழுதிக்கொடுத்தது நீங்கதானேம்மா? படிச்சுச் சொன்னாங்களா?" என்று கேட்டேன். "ஆமாங்கய்யா" என்றார். பதில் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார். இடது பெருவிரலில் மை தடவி உருட்டியதும், அந்த மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். பணம் பெற்றுக்கொண்டதாக எழுதியிருந்த தொகையில் அந்த நிலத்தில் ஒரு தென்னை மரம்கூட வாங்க முடியாது. எனக்கு அது அநியாயமாகப் பட்டது. தம்பிகளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகவும் கேட்டேன். அதே பதில்தான். கையெழுத்துப் போட்டேன்.

போட்டதில் எனக்குக் குற்ற உணர்வு இல்லை. இன்னார் வந்தார், எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொண்டார் என்பதற்கு மட்டுமே என் கையெழுத்து சாட்சி. இது நியாயம் என்று அது சொல்லவில்லை. எனக்குப் பிடிக்காத பத்திரத்தையெல்லாம் நிறுத்தலாம் என்றால், அந்த ஊரின் நிலபுலன்கள் என் மனம்போன போக்கில் கைமாறும். நல்ல மனமாகவே இருந்தாலும், அது ஒருத்தன் மனம்.

மன்னரின் கையெழுத்தும் இதே ஜாதியா? அங்கேதான் சிக்கல். பெல்ஜியத்தில் அந்த ஒரே கையெழுத்துக்கு இரண்டு வேலை. சட்டம் இயற்றுவதில் ஒரு பங்காளியாக நின்று இசைவு தருவது ஒன்று. முறைப்படி நிறைவேறியது என்று சான்றளித்து நாட்டுக்கு அறிவிப்பது மற்றொன்று. இரண்டாவது என் வேலை மாதிரி. முதலாவது அப்படியல்ல, அதில் 'நானும் விரும்புகிறேன்' என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த முடிச்சைக் கச்சிதமாக அவிழ்த்தது பக்கத்து நாடான லக்ஸம்பர்க். 2008இல் கருணைக்கொலைச் சட்டத்துக்கு இசைவு தர மாட்டேன் என்று கிராண்ட் டியூக் ஹென்றி சொன்னதும், அரசியல் சட்டத்தையே திருத்தி இசைவு என்ற வேலையை எடுத்துவிட்டார்கள். அதன்பின் கிராண்ட் டியூக் அறிவித்தால் போதும் என்றானது. மனச்சாட்சியும் பிழைத்தது, சட்டமும் பிழைத்தது. போனது தடுக்கும் அதிகாரம் மட்டுமே. கத்தோலிக்க அறிஞர் தாமஸ் அக்குவினாஸ், மனச்சாட்சி தவறாகவே சொன்னாலும் அதை மீறி நடப்பது பாவம் என்றார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன் மனச்சாட்சி உன்னைக் கட்டும், என்னை எப்படிக் கட்டும்?

நம் பட்டிமன்றங்களில் தீராத வழக்கு ஒன்று: கும்பகர்ணனா, விபீஷணனா? தப்பு என்று தெரிந்தும், அதை அண்ணனிடம் சொல்லியும், அவனுக்காகவே போர்க்களம் போனவன் ஒருவன். சொல்லிப் பார்த்துக் கேளாததால் விட்டு விலகியவன் மற்றவன். போத்வேன் இரண்டு பேரும் இல்லை. விலகினார், மறுநாளே திரும்பியும் வந்தார். உண்மையில் ஒப்பாதென்றால் முடியையே துறந்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அவர் கொடுத்த விலை குறைவு என்பதுதான் என் எண்ணமும். போப் பிரான்சிஸ் 2024 செப்டம்பரில் அவர் கல்லறைக்குப் போய் வணங்கி, அவரை முத்திப்பேறு பெற்றவராக்கும் பணி தொடங்கட்டும் என்று விரும்பினார். திருச்சபை அவரைப் பாராட்டுவது அவர் மறுத்ததற்காக. நான் மதிப்பது, மறுத்தவர் வழியை மறிக்காமல் ஒதுங்கி நின்றதற்காக. தன் 'மாட்டேன்' என்பதன் பாரத்தைப் பெல்ஜியப் பெண்கள் தலையில் அவர் ஏற்றவில்லை. அவர்களுக்கான சட்டம் 1990 ஏப்ரல் 3ஆம் தேதியிட்டு வந்துவிட்டது.

நம் நாட்டில் வழக்கம் வேறு. இங்கே யாரும் 'மாட்டேன்' என்று சொல்வதில்லை, கோப்பு கிடப்பில் கிடக்கும். 1986இல் தபால் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறிக் குடியரசுத் தலைவர் ஜெயில்சிங்கிடம் போனது. அவர் ஒப்புதல் தரவுமில்லை, திருப்பி அனுப்பவுமில்லை. 1987இல் அவர் பதவிக்காலம் முடியும்வரை அது அப்படியே இருந்தது. பின்னால் வந்த ஆர். வெங்கடராமன்தான் திருப்பி அனுப்பினார். அது கடைசிவரை சட்டமாகவில்லை. மக்களின் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு வழி செய்த மசோதா அது, ஒழிந்தது நல்லதுதான். ஆனாலும் நல்லது நடந்துவிட்டது என்பதற்காக நடந்த விதத்தை நான் மெச்ச மாட்டேன். ஏன் கூடாது என்று அவர் எழுதித் திருப்பியிருந்தால், அந்தக் காரணம் அடுத்த தலைமுறைக்கும் பயன்பட்டிருக்கும்.

தமிழ்நாட்டு ஆளுநரிடம் ஒப்புதல் கிடைக்காமல் கிடந்த 10 மசோதாக்கள் கதை எல்லோருக்கும் தெரிந்தது. அவை ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தார்கள். குடியரசுத் தலைவர் விளக்கம் கேட்டதற்கு, நவம்பரில் ஐந்து நீதிபதிகள், காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது, ஆனால் காரணமில்லாமல் காலவரையின்றி வைத்திருக்கவும் கூடாது என்று கருத்துச் சொன்னார்கள்.

என் பழைய மேஜைக்கு விதி வேறு. பதிவுச் சட்டம் 1908இல் வந்தது, வெள்ளைக்காரன் போட்டது. அதன்படி ஒரு சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிய மறுத்தால், அதற்கென்றே உள்ள 2ஆம் புத்தகத்தில் காரணத்தை எழுதியாக வேண்டும். கேட்டால் அதன் நகலைச் செலவில்லாமல் கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். நம் அரசியல் சட்டத்தின் 201ஆம் பிரிவிலோ, குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பிய மசோதாவை மாநிலச் சட்டமன்றம் ஆறு மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கெடு இருக்கிறது. குடியரசுத் தலைவருக்குக் கெடு எதுவும் எழுதப்படவில்லை.