இருத்தலியலும் கத்தோலிக்க இறையியலும்

செர்மானியப் பேராசிரியர் மார்ட்டின் ஹைடெக்கர் 1927-இல் வெளியிட்ட நூல், இறப்பை முன்னோக்கிக் கலங்கும் மனித இருப்பை ஆராய்ந்தது; கடவுளை ஆராய்ந்திலது. இருத்தலியலார் என்னும் பெயரை அவர் ஏற்றிலராயினும், அக்கொள்கைக்கு வித்து அந்நூலே. இயேசு சபைத் துறவி கார்ல் ரானர் 1934 முதல் 1936 வரை அவர்பாற் பாடங்கேட்டனர். கடவுளை நாடாத நூலால் இறையியலார்க்கு வரும் பயன் யாதோவெனின், மனிதன் எப்பொருளை அறியினும் அதனோடமையாது மேலும் வினவுகின்றான்; அவ்வெல்லையற்ற நாட்டமே அருள் அவனுள்ளத்தை முன்னரே தொட்டமைக்கு அடையாளமென்பது ரானர் துணிபு.

இருத்தலியல் தனிப்பொருள்களின் இருப்பையே நோக்கி, மாறா இயல்புகளைக் கைவிடுகின்றதெனப் பன்னிரண்டாம் பயஸ் பாப்பாண்டவர் 1950-இல் சுற்றுமடல் வாயிலாகக் கடிந்தனர். அக்கடிதல் முற்றும் பிழையன்று. வினாவின் அளவே விடையின் அளவாயின், கடவுள் மனித வேட்கையின் நிழலாய் முடிவர். பசி சோற்றை வேண்டுமேயன்றிச் சமையாது. ரானரோ, அவ்வேட்கைதானும் மனிதன் ஈட்டியதன்று, இறைவன் ஈந்ததே யென்றும், அறியுந்தோறும் அவன் அறிவுக்கடங்கா மறைபொருளே யென்றும் வற்புறுத்தினர்.