மன்னன் வேண்டிய பிறவி



பிறவிகளுள் மானிடப் பிறவி அரிது என்று சாஸ்திரங்கள் முழங்குகின்றன. மானிடப் பிறவி வாய்த்தாலும், அதில் அரச போகம் வாய்ப்பது அரிதினும் அரிது. அத்தகைய போகத்தில் பிறந்து, சேர நாட்டை ஆண்டு, பட்டத்து யானையின் பிடரியில் அமர்ந்து பவனி வந்த ஒரு பேரரசர், திருவேங்கடமுடையானை நோக்கி, தமக்கு இந்த மானிட உடலும் செல்வமும் வேண்டா, கோனேரிக் கரையில் வாழும் ஒரு குருகாகப் பிறந்தால் போதும் என்று விண்ணப்பித்தார். மாசிப் புனர்வசுவில், சக்கரவர்த்தித் திருமகன் அவதரித்த அதே நக்ஷத்திரத்தில், திருவஞ்சிக்களத்தில் அவதரித்த குலசேகரப் பெருமாளே அவர்.

கேட்டது வெறும் நாரைப் பிறவி! கருடனாக வேண்டியிருந்தாலாவது வியப்பில்லை. எம்பெருமானைச் சுமக்கும் பெருமை அதற்குண்டு. ஆதிசேஷனாக வேண்டியிருந்தாலும் பொருத்தமே. எவரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு நீர்ப்பறவையை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார்? நாரைக்கு மலையில் ஓர் அலுவலும் இல்லை, அதிகாரமும் இல்லை. அது அங்கே இருக்கிறது, அவ்வளவே. அந்த இருப்பு ஒன்றே ஆழ்வாரின் திருவுள்ளத்தைக் கவர்ந்தது.

பெருமாள் திருமொழியின் நான்காம் பதிகத்தை ஓதுவோர், ஆழ்வாரின் வேண்டுதல் பாசுரந்தோறும் மாறிக்கொண்டே செல்வதைக் காண்பர். குருகாக வேண்டியவர் அடுத்து மலைச்சுனையில் மீனாக வேண்டுகிறார். பிறகு பொன்வட்டில் ஏந்தும் ஊழியராக; பிறகு செண்பக மரமாக; பிறகு சிகரமாக, கானாறாக, வழியாக. ஏன் இந்தத் தடுமாற்றம் என்று கேட்பவர்க்குப் பெரியோர் ரஸமான ஸமாதானம் கூறுவர். நாரைக்குச் சிறகு உண்டு. இன்று திருமலையில் இருப்பது நாளை வேறொரு ஏரியை நாடிப் பறந்துவிடக் கூடும். மீனுக்குச் சிறகில்லை, ஆகவே பிரிந்து போகாது என்று எண்ணினால், சுனை வற்றிய அன்றே அதன் வாழ்வும் வற்றிவிடும். இப்படி ஒவ்வொன்றிலும் ஒரு பிரிவின் அச்சம் தென்பட, ஆழ்வார் அடுத்ததைத் தேடுகிறார். தேர்ந்து தேர்ந்து, ஒன்பதாம் பாசுரத்தில் ஸந்நிதி வாசற்படியில் வந்து நிற்கிறார். அடியார்கள் மிதித்து ஏறவும், தான் அசையாது கிடந்து எம்பெருமானின் பவளவாய் காணவும் வாய்க்கும் படி அது. பத்தாவதில் அந்தத் தேர்வையும் கைவிட்டு, அம்மலையில் ஏதேனும் ஒன்றாக இருந்தால் போதும் என்று முடிக்கிறார்.

இப்பதிகத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. மதயானையின் கழுத்தில் வீற்றிருக்கும் இன்பமும் அரசும் தமக்கு வேண்டா என்று ஆழ்வார் ஐந்தாம் பாசுரத்தில் வெளிப்படையாகவே அருளிச்செய்கிறார். யானையின்மேல் அமர்ந்தவர் இறங்கி வருகிறார். யானையாகவே பிறக்க நேர்ந்த இன்னொரு மன்னனின் சரித்திரம் இவ்விடத்தில் நினைவுக்கு வாராதிருக்குமோ?

பாண்டிய நாட்டு மன்னன் இந்திரத்யும்நன். அவனும் பரம பாகவதனே. மலைச்சாரலில் ஆசிரமம் அமைத்து, மௌன விரதம் பூண்டு, அச்யுதனை ஆராதித்துக்கொண்டிருந்தான். அவ்வேளையில் அகஸ்தியர் சிஷ்யர்களோடு எழுந்தருளினார். அரசன் எழவில்லை, எதிர்கொள்ளவில்லை. தியானத்தில் இருந்தான் என்று அவன் சார்பில் வாதாடுவோர் உண்டு. வாதம் எவ்வாறாயினும், வந்த பெரியவரை மதியாது யானையைப் போல் இறுகி அமர்ந்திருந்த குற்றத்திற்கு யானையாகவே பிறக்கும்படி சாபம் விழுந்தது. ஸ்ரீமத் பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தம் இதனை விரித்துரைக்கிறது.

ஒருவர் விலங்காகவும் பறவையாகவும் பிறப்பதை வரமாக வேண்டினார். மற்றவருக்கு அதுவே சாபமாக வந்தது. இருவரும் அரசர்கள், இருவரும் பக்தர்கள். வாழ்க்கை மாற்றம் என்பது ஒன்றேதான். தானே இறங்கி வருபவனுக்கு அது வரமாகிறது, இறக்கப்படுபவனுக்குச் சாபமாகிறது. எனினும் சாபமாக வந்ததையும் எம்பெருமான் வீணாக விடவில்லை. அந்த யானையின் கதையைச் சிறிது நின்று நோக்குதல் தகும்.

த்ரிகூட மலையில் கஜேந்திரன் ஒரு பெருங்கூட்டத்தின் தலைவனாக வாழ்ந்தது. பிடிகள் சூழ, கன்றுகள் சூழ, வெயிலின் வெம்மை தாளாது பொய்கையில் இறங்கியது. தன் துதிக்கையால் நீரை முகந்து பிடிகளுக்கும் கன்றுகளுக்கும் ஊட்டியது. இல்லறத்தானைப் போல் குடும்பத்தைப் பேணியது என்று பாகவதமே உவமை கூறுகிறது. அப்போதுதான் முதலை காலைக் கவ்வியது. பிடிகள் கதறின, மற்ற களிறுகள் பின்னிருந்து இழுத்துப் பார்த்தன. ஒன்றும் பயனளிக்கவில்லை. போராட்டம் ஆயிரம் ஆண்டுகள் நீண்டது. முதலைக்கு நீர் சொந்த இடம், ஆகவே அதன் வலிமை வளர்ந்தது. யானைக்கு அது அந்நிய இடம், ஆகவே அதன் வலிமை தேய்ந்தது.

இக்கட்டத்தைப் படிக்கும்போது யானையை மறந்து தம்மையே நினைப்பவர் பலர். முப்பத்தைந்து ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் பலருக்கும் ஆணையிட்டவர், 60 வயது நிறைந்த நாளில் மாலையும் சால்வையுமாக வழியனுப்பப்படுகிறார். மறுநாள் காலை வழக்கமான நேரத்திற்கு விழித்துக்கொள்கிறார், செல்வதற்கு இடமில்லை. சில மாதங்களில் தொலைபேசி மணி ஒலிப்பதும் குறைகிறது. பிள்ளைகள் அன்புடையவர்களே, ஆயினும் தொலைதூரத்தில் இருக்கிறார்கள். உடலில் ஒரு நோய் காலைக் கவ்வுகிறது. உற்றார் இழுத்துப் பார்க்கிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, அவர்களுக்கு இயலவில்லை. நேற்றுவரை சொந்த இடமாயிருந்த உலகம் அந்நியப் பொய்கையாகிவிடுகிறது. அவ்வீட்டின் வாசலுக்குத் தவறாமல் வந்து நிற்பது தெருவில் திரியும் ஒரு பசு மாத்திரமே. அது அவருடைய பதவியை முன்பும் அறியாது. அது போனதையும் அறியாது. அகத்திக்கீரைக் கட்டை நீட்டும் கையை மாத்திரம் அறியும். அந்தப் பசு வரும் நேரத்தைக் கொண்டு பொழுதைக் கணக்கிடும் பெரியவர்கள் எத்தனை ஊர்களில் இல்லை?

கஜேந்திரன் என்ன செய்தது? தன் பலத்தை நம்பியிருந்தவரை அழைக்கவில்லை. உறவின் பலம் ஓய்ந்தபோதுதான் முன்பிறவியில் கற்ற ஸ்தோத்ரம் நெஞ்சில் எழுந்தது. மன்னனாயிருந்தபோது பயின்றது, முடியும் மாளிகையும் போன பிறகும், மானிட வடிவே போன பிறகும், போகாமல் உடன் வந்திருந்தது. கருடன்மேல் எம்பெருமான் ஆகாயத்தில் தோன்றியதும், தாமரை மலரொன்றைத் துதிக்கையில் உயர்த்தி, நாராயணா என்று அழைத்து வணங்கியது. உயிருக்கு அஞ்சி அது அழைக்கவில்லை, பறித்த மலர் வாடுவதற்குமுன் திருவடியில் சேர வேண்டுமே என்ற தவிப்பினால்தான் அழைத்தது என்று பூர்வாசாரியர்கள் உருகுவர். (கோயில் யானையின் துதிக்கையில் காசை வைத்து ஆசி பெறுவோர், அத்துதிக்கை முதன்முதலில் எதை ஏந்தி நின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தால் நன்று.) எம்பெருமானோ கருடனின் வேகமும் போதாதென்று கீழே குதித்து, யானையையும் முதலையையும் சேர்த்தே கரைக்கு இழுத்தான். முதலையும் சாபத்தால் அவ்வடிவு பெற்ற ஹூஹூ என்னும் கந்தர்வனே. அடியவனின் காலைப் பிடித்திருந்த ஸம்பந்தத்தாலோ என்னவோ, அதற்கும் அன்றே விடுதலை கிடைத்தது. கும்பகோணத்தை அடுத்த கபிஸ்தலத்தில் கஜேந்திர வரதனாக அவன் இன்றும் ஸேவை ஸாதிக்கிறான்.

யானை எம்பெருமானுக்கு நன்றி பாராட்டியது இயல்பு. எம்பெருமான் ஒரு விலங்குக்கோ பறவைக்கோ நன்றி பாராட்டுவது உண்டோ என்றால், அதற்கும் ஸ்ரீராமாயணம் விடை கூறுகிறது.

ஜடாயு கிழப்பறவை. தனக்கு அறுபதினாயிரம் ஆண்டு ஆயிற்று, நீயோ இளையவன், தேரும் வில்லும் உடையவன் என்று ராவணனிடம் தானே கூறிவிட்டுத்தான் போரில் இறங்கியது. முதுமையைக் காரணம் காட்டி மரத்திலேயே இருந்திருந்தால் எவரும் பழித்திருக்க மாட்டார்கள். தேரை முறித்தது, வில்லை ஒடித்தது. முடிவில் சிறகறுந்து வீழ்ந்தது. உலகக் கணக்கில் இது தோல்வி. பிராட்டியை அதனால் மீட்க முடியவில்லை. ஆயினும் பெருமாள் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. தயரதனைப் போலவே தமக்குப் பூஜ்யன் என்று அப்பறவையைக் கொண்டாடினார். தந்தையின் சிதைக்கு அருகே நிற்கக் கொடுத்துவைக்காத மகன், தந்தையின் தோழனான பறவைக்குத் தம் கையாலே தீயிட்டு, பிண்டம் வைத்து, கோதாவரியில் இறங்கி நீர்க்கடனும் செய்தார். நிறைவேறிய உதவிக்கு நன்றி சொல்வோர் உலகில் உண்டு. நிறைவேறாமற்போன உதவிக்கு இத்தனை நன்றி காட்டியவர் வேறு எவர்?

காஞ்சியை அடுத்த திருப்புட்குழியும், சுவாமிமலைக்கு அருகிலுள்ள திருப்புள்ளம்பூதங்குடியும் இந்த ஈமக்கடனைத் தத்தம் தலபுராணமாகப் போற்றுகின்றன. ஒரு பறவைக்கு மகன்முறை நின்ற நிகழ்ச்சியைத் தம் ஊருடையது என்று இரு திவ்யதேசங்கள் உரிமை கொண்டாடுவதும் ஓர் அழகுதான்.

ராமகாதையைச் செவியுறும்போது, கரன் படையை ராமன் தனியே எதிர்க்கிறான் என்ற கட்டத்தில் தம் சேனையைப் புறப்படச் சொன்னவர் குலசேகரர் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. ஜடாயுவின் கட்டம் அவர் நெஞ்சில் எப்படித் தைத்திருக்கும்! தில்லைத் திருச்சித்திரகூடப் பதிகத்தில் ராமாயணம் முழுவதையும் பதினொரு பாசுரத்தில் அடக்கியபோதும், ஜடாயுவை வைகுந்தம் ஏற்றிய செயலை அவர் விடவில்லை. அடியார்கள்மேல் களவுப்பழி விழுந்தபோது, அவர்கள் தூயவர் என்று மெய்ப்பிக்கப் பாம்பிட்ட குடத்தில் தம் கையை விட்டவரும் அவரே. பாம்பு தீண்டவில்லை. பழி சுமத்திய அமைச்சர்கள் நாணினர். அதற்குப்பின் அரண்மனை அவருக்கு இனிக்கவில்லை. மகனுக்கு முடிசூட்டிவிட்டுத் திருவரங்கம் புறப்பட்டார்.

பாரதப்புழைக் கரையிலுள்ள திருவித்துவக்கோட்டு எம்பெருமானிடம் அவர் தம் நிலையைச் சொல்லும்போதும் ஒரு பறவைதான் உவமையாக வருகிறது. கப்பலின் பாய்மரத்தில் தங்கிய பறவை கடல் நடுவில் எழுந்து பறக்கிறது. எத்திசை சென்றும் கரை தென்படவில்லை. திரும்பி வந்து அதே மரத்தின் உச்சியில் அமர்கிறது. அரசு, சேனை, அமைச்சர், சுற்றம் என்று எல்லாத் திசையும் பறந்து பார்த்தவரின் சொல் அது. மரம் அப்பறவையை நீ ஏன் போனாய் என்று கேட்பதில்லை.

ஓய்வுபெற்ற பெரியவரும் ஒருநாள் மாலை, பசு வந்துபோன பிறகு, நெடுநாளாகச் செல்லாத ஊர்க்கோயிலுக்குள் நுழைகிறார். இளமையில் தந்தையின் விரல் பிடித்து வந்த இடம். பாடமாயிருந்த இரண்டு பாசுரங்கள் உதட்டில் தாமே வருகின்றன. அர்ச்சகர் அவரை அடையாளம் காணவில்லை. எல்லார்க்கும் போலவே தீர்த்தமும் துளஸியும் ஸாதித்து, சடாரியையும் தலையில் வைக்கிறார்.

ஆழ்வார் வேண்டியவற்றுள் குருகும் மீனும் எவ்வாறு பலித்தன என்பதை எம்பெருமானே அறிவான். படியாக வேண்டியது மாத்திரம் கண்கூடு. விஷ்ணு ஆலயங்களில் கர்ப்பக்ருஹத்து வாசற்படிக்குக் குலசேகரன் படி என்றே பெயர். திரை விலகித் தீபாராதனை ஆகும்போது, திருவடியை நோக்கித் தாழும் கண்கள் முதலில் அந்தக் கல்லைத் தொட்டுவிட்டே உள்ளே செல்கின்றன.