நம் பெயரால் விழும் அடி

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்கில் நாம் பணியாற்றிய வேளையில், ஆலய உண்டியல் உடைக்கப்பட்டது. திருவிழாக் கொடி இறங்கிய மறுநாள் அது நடந்தது. காலைத் திருப்பலிக்கு வந்தவர்கள்தாம் முதலில் பார்த்தார்கள். ஆலய வளாகத்தைப் பெருக்கிவந்த ஓர் இளைஞன்மேல் ஐயம் விழுந்தது. சாட்சி எதுவும் இல்லை. அவன் ஏழை, முந்தின வாரம்தான் முன்பணம் கேட்டிருந்தான். இவ்வளவே காரணம். பங்குப் பேரவையினர் சிலர் நம்மிடம் வந்து, "சாமி, ஸ்டேஷனில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாலு தட்டுத் தட்டினால் உண்மை தானே வந்துவிடும்" என்றார்கள். நாம் சொன்னோம். அந்த 'நாலு தட்டு' என்ற சொல் காதில் விழுந்தும் விழாதவர்போல் இருந்துவிட்டோம்.

அடுத்த நாள் மாலை அவன் கால்களை இழுத்து இழுத்து நடந்து வந்தான். களவை ஒப்புக்கொண்டுவிட்டான் என்றார்கள். ஆனால் பணம் கிடைக்கவில்லை. "போகட்டும்" என்று புகாரைத் திரும்பப் பெற்றோம். அதைக் கருணை என்றும் எண்ணிக்கொண்டோம். சில நாள்களில் அவன் குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது. அவன் எடுத்தானா, இல்லையா? இன்றுவரை நமக்குத் தெரியாது. அடி விழுந்தபின் அவன் சொன்னது உண்மையா, வலி சொல்ல வைத்ததா என்று இனி எவராலும் அறிய இயலாது.

இக்காலக் காவல்துறை சந்திக்கும் அறைகூவல்களைப் பற்றி எங்கும் பேசப்படுகிறது. கணினி வழிக் கொள்ளை, போதைப்பொருள், சாதிமோதல், ஆள்பற்றாக்குறை, ஓய்வற்ற பணிநேரம் எனப் பட்டியல் நீளுகிறது. இவை யாவும் மெய்யே. எனினும் இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு பழைய கேள்வி விடையின்றிக் கிடக்கிறது. கையில் சிக்கிய மனிதனை அடித்து உண்மையைப் பெறலாமா? பெறலாம் என்று அவர்களை நம்ப வைத்தவர்கள் யார்?

கிட்டி முதல் லத்தி வரை

இக்கேள்வி நம் மண்ணுக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை ஆராய்ந்த ஒரு குழு 1855ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. அந்நாளில் நிலவரி தண்டும் அதிகாரமும் காவல் அதிகாரமும் ஒரே கைகளில் இருந்தன. விரல்களை மரத்துண்டுகளுக்கிடையே வைத்து நெரிக்கும் 'கிட்டி' என்னும் கருவியைப் பற்றி அவ்வறிக்கை பேசுகிறது. வரி பெறவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் இத்தகைய கொடுமைகள் வழக்கமாயிருந்தன. இதன்பின் 1859இல் இயற்றப்பட்ட சட்டம், சென்னை மாகாணத்துக்கெனத் தனிக் காவல்துறையை அமைத்தது. 1861இல் இந்தியக் காவல் சட்டம் வந்தது. ஆக, நம் காவல்துறை பிறந்ததற்கே ஒரு காரணம், சித்திரவதையை ஒழிக்க வேண்டும் என்ற எண்ணம்! இதனை நம்மில் பலர் அறியோம்.

காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கு எதிராகச் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் கூறியது. 2024 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் அதனையே கூறுகிறது. காவலில் இருப்பவன் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதனோடு தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும் என்பது விதிவிலக்கு. இந்தச் சிறு வாசல் வழியாகவே லத்தி மீண்டும் உள்ளே நுழைகிறது. நகை எங்கே, ஆயுதம் எங்கே என்று கேட்டு அடிக்கத் தூண்டுவது இதுவே.

கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதிமுன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. கைதின்போது கடைப்பிடிக்க வேண்டிய பதினொரு நெறிகளை உச்ச நீதிமன்றம் 1996இல் டி.கே. பாசு வழக்கில் வகுத்தது. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் காவல்துறைச் சீர்திருத்தத்துக்கு ஏழு கட்டளைகள் பிறப்பித்தது. 2020 டிசம்பரில், காவல் நிலையங்கள் அனைத்திலும் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்றது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா, அதனை இன்னும் உறுதிசெய்யவில்லை. இதொன்றைத் தவிர, ஏட்டில் குறை அதிகமில்லை.

சாத்தான்குளத்து இரவு

2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைக் கடந்து கடையைத் திறந்து வைத்ததாகக் கூறி ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். மறுநாள் மருத்துவச் சான்று பெறப்பட்டது. நீதித்துறை நடுவரின் உத்தரவு பெறப்பட்டது. கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 22ஆம் நாள் இரவு மகனும், 23ஆம் நாள் காலை தந்தையும் இறந்தார்கள். அந்நாள்களில் அவர்கள் எத்தனை மேசைகளைக் கடந்து சென்றார்கள் என்பதை எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் கையெழுத்திட்டார். ஒருவரும் தடுத்து நிறுத்தவில்லை.

நிலையத்தில் கேமராக்கள் இருந்தன. ஆனால் பதிவுகள் நாள்தோறும் தாமே அழியுமாறு வைக்கப்பட்டிருந்ததை, விசாரிக்கச் சென்ற நடுவர் கண்டார். கருவி காட்டாததை ஒரு மனிதர் சொன்னார். அந்நிலையத்திலேயே பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர், இரவெல்லாம் அடி விழுந்ததையும், லத்திகளிலும் மேசையிலும் படிந்த இரத்தக் கறையையும் நடுவரிடம் எடுத்துரைத்தார். உடன் பணியாற்றுவோர் வெளியே நிற்க, அச்சத்தின் நடுவே அவர் பேசினார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குப் பாதுகாப்பு அளிக்க உத்தரவிட்டது. பேசியதால் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை; இழப்புக்கு இடம் மிகுதி. மனச்சான்று என்று குருமடத்தில் பல ஆண்டுகள் படித்தோம். அச்சொல்லின் எடை என்ன என்பதை அந்தத் தலைமைக் காவலரின் செயலில் கண்டோம்.

இது நடந்து ஐந்தாண்டுகள் கழிந்து, 2025 ஜூனில், சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே ஒரு கோயில் காவலாளி, நகை காணாமற்போன புகாரின்பேரில் விசாரிக்கப்பட்டபோது காவலர்கள் அடித்ததில் உயிரிழந்தார். அச்செய்தியைப் படித்த அன்று நமக்கு உறக்கம் வரவில்லை. நம் உண்டியலும் அந்த இளைஞனும் நினைவுக்கு வந்தார்கள். அவன் உயிரோடு திரும்பியது நம் நல்லறிவினால் நேர்ந்ததன்று.

ஒப்புதலும் ஒப்புரவும்

திருச்சபைக்கு இதில் கல்லெறியும் தகுதி எளிதில் வாய்ப்பதன்று. 866ஆம் ஆண்டில், புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற பல்கேரியர்கள் திருத்தந்தை முதலாம் நிக்கோலாசிடம் சில ஐயங்களைக் கேட்டார்கள். திருடன் எனப் பிடிபட்டவன் குற்றத்தை மறுத்தால், உண்மை வரும்வரை தலையில் அடிப்பதும் இரும்பு முட்களால் குத்துவதும் அவர்கள் வழக்கம். இறைச் சட்டமும் மனிதச் சட்டமும் இதனை ஏற்பதில்லை என்றும், ஒப்புதல் தானாக மனமுவந்து வரவேண்டும் என்றும் திருத்தந்தை மறுமொழி எழுதினார். ஆயினும் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப்பின், 1252இல், திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் தப்பறைக் குற்றம் சாட்டப்பட்டோரை வதைத்து விசாரிக்க இசைவளித்தார். அறிந்த உண்மையைத் திருச்சபையே மறந்தது. இத்தகைய கொடுமைகளை மேய்ப்பர்களும் எதிர்க்காதிருந்ததைக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் வருத்தத்தோடு ஏற்றுக்கொள்கிறது. சித்திரவதை மனித மாண்புக்கு இழிவு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாகக் கூறிவிட்டது.

ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்திருக்கும் குரு எவரையும் வற்புறுத்தி ஒரு சொல்லும் பெறுவதில்லை. முழந்தாளிடுபவர் தானாக வருகிறார், தானாகச் சொல்கிறார். அச்சம் பேசவைத்தால் அங்கே மனமாற்றம் இல்லை. இதனை நன்கு அறிந்த நாமே, காவல் நிலையத்தில் வேறொரு வகை ஒப்புதலைக் கேட்டு வாங்கினோம்! ஞாயிறு காலையில் ஒரு நம்பிக்கையும், திங்கள் மாலையில் மற்றொன்றுமாக வாழ்ந்தோம்.

ஆண்டவரையும் ஒரு காவலர் அறைந்தார். தலைமைக் குருவின் முன்னிலையில் அது நடந்தது. தாம் பேசியது தவறானால் அதனை மெய்ப்பிக்கும்படியும், சரியானால் ஏன் அடிக்கிறாய் என்றும் இயேசு அவரைக் கேட்டார். எருசலேமில் ஆயிரத்தவர் தலைவர், சாட்டையால் அடித்துப் பவுலை விசாரிக்கக் கட்டளையிட்டார். தீர்ப்பிடப்படாத உரோமைக் குடிமகனை அடிக்கலாமா என்று பவுல் நூற்றுவர் தலைவரிடம் கேட்டார். அவர் அடியை நிறுத்திவிட்டு மேலதிகாரியிடம் விரைந்தார். காவல்துறை பற்றிய முழுப் பாடமும் இவ்விரு கேள்விகளில் அடங்கும் என்பது நம் எண்ணம்.

நாம் செய்யக்கூடியது

காவலர்கள் வேற்று நாட்டார் அல்லர். நம் பங்கின் பிள்ளைகள். திருவிழாவிலும் தேர்தலிலும் வெயிலில் நிற்பவர்கள் அவர்களே. வார விடுப்பு என்பதே தமிழகக் காவலர்களுக்கு 2021இல்தான் அரசாணையாக வந்தது. மாலைக்குள் குற்றவாளி வேண்டும் என்று மேலிருந்து ஆணை வருகிறது. கீழிருந்து நாமும் அதையே கேட்கிறோம். திரைப்படத்தில் கதாநாயகக் காவலர் லாக்கப்பில் அடிக்கும்போது கைதட்டுபவர்களும் நாமே. அடிக்கும் கைக்கு வலிமை ஒரு பகுதி நம்மிடமிருந்தே போகிறது. அதனால் அடிப்பவரின் பொறுப்புக் குறைந்துவிடாது. நம் பொறுப்பும் அதனால் மறைந்துவிடாது.

எனவே அன்பர்களே, புகார் கொடுக்கும்போது 'நாலு தட்டு' என்ற சொல் நம் நாவில் வரவேண்டாம். வேறொருவர் சொன்னால் அங்கேயே மறுப்போம். பங்கில் ஒருவர், அவர் குற்றவாளியே ஆயினும், கைதானால் இருவராகச் சேர்ந்து நிலையம் செல்வோம். கைதான நேரம் என்ன, உறவினருக்குத் தெரிவிக்கப்பட்டதா, வழக்கறிஞர் உண்டா என்று பணிவோடு கேட்போம். வழக்கறிஞர் வைக்க வசதியற்றோர்க்கு சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அதன் வாசலைக் காட்டுவோம். காவலராகப் பணிபுரியும் நம் மக்கள் தம் மனச்சான்றின் சுமையோடு வரும்போது, அவர்களுக்கும் நம் இல்லக் கதவு திறந்திருக்கட்டும்.

பிலிப்பி நகரில் பவுலும் சீலாவும் அடிபட்டுச் சிறையில் கிடந்தபோது, சிறைக்காவலர் அந்த இரவு நேரத்திலேயே அவர்களை அழைத்துச் சென்று காயங்களைக் கழுவினார். அவர் திருமுழுக்குப் பெற்றது அதன் பின்னரே. நாம் அந்த இளைஞனின் காயத்தைக் கழுவவில்லை. அவன் திரும்பி வந்த மாலையில் அறைக்குள் இருந்தோம். வெளியே வந்து அவன் முகத்தைப் பார்க்கவும் துணியவில்லை. அவனை எங்கேனும் காண நேர்ந்தால் கேட்கவேண்டிய மன்னிப்பு ஒன்று நம்மிடம் பாக்கி இருக்கிறது. வாசகருள் எவருக்கேனும் இப்படி ஒரு பாக்கி இருந்தால், காலம் தாழ்த்தாமல் தேடிச் செல்வாராக.