கரும்புத் தொட்டிலும் கார்த்திகைக் குளிரும்

தீபத் திருவிழாவில் திருவண்ணாமலை மாட வீதிகளில் கரும்புத் தொட்டில் சுமந்து வரும் குடும்பங்களைப் பார்க்காதவர்கள் இந்த மாவட்டத்தில் அரிது. பிள்ளை வரம் கேட்டு வேண்டிக்கொண்டவர்கள், பிறந்த பின், தோகையோடு கூடிய கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, பெரும்பாலும் தாயின் சீமந்தப் புடவையையே தூளியாக்கி, அதில் குழந்தையைக் கிடத்தி வலம் வருகிறார்கள். தேரோட்டம் நடக்கும் ஏழாம் நாளில் இந்தக் கூட்டம் அதிகம். கீழ்பென்னாத்தூரிலிருந்தும் சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்தும் வருகிறவர்களுக்குச் செஞ்சி சாலையில் கொஞ்ச தூரம்தான். ஆனாலும் கூட்டத்துக்கு முந்திக்கொள்ள விடியுமுன்னே வண்டி கட்ட வேண்டும். கார்த்திகையோ மழையும் பனியும் மாறி மாறி வரும் மாதம். குல்லாயையும் ஸ்வெட்டரையும் எடுக்கும்போது வீட்டுப் பெரியவர் யாராவது, “சாமி கொடுத்த புள்ளைக்குச் சாமி வாசல்லயா சளி பிடிக்கப் போவுது?” என்பார். வேடிக்கையாகத்தான் சொல்வார். ஆனால் அதற்குள் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது: தெய்வத்தை நம்புகிறவன் முன்னெச்சரிக்கை எடுத்தால் அது நம்பிக்கைக் குறைவா?

இல்லை என்பதே என் முடிவு. முதல் காரணம், நேர்த்திக்கடன் யாருடையது என்பதில் இருக்கிறது. வேண்டிக்கொண்டவர்கள் பெற்றோர், குழந்தை அவர்களுக்குக் கிடைத்த வரம். வரமாக வந்ததையே கடனுக்கு வட்டியாகக் கட்டச் சொல்வது எந்தக் கணக்கிலும் சேராது. நம் வழிபாட்டில் உடலை வருத்திக்கொள்வதற்கு இடமுண்டு. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் செருப்பில்லாமல் சுற்றுகிறோம், அங்கப்பிரதட்சணம் செய்கிறோம், நாள் முழுக்கப் பட்டினி கிடக்கிறோம். இவையெல்லாம் தானே விரும்பி ஏற்றுக்கொள்வதால்தான் விரதம் ஆகின்றன. எவ்வளவு கடுமையாக விரதம் பிடிக்கும் தாயும் பால்குடிப் பிள்ளைக்குப் பாலை நிறுத்துவதில்லை. நிறுத்தச் சொல்லும் ஆசாரமும் கிடையாது. பசிக்கு இந்த விலக்கு உண்டென்றால் குளிருக்கு மட்டும் ஏன் இல்லாமல் போகும்?

“எனக்கே குளிரலையே, இதுக்கா குளிரப் போவுது?” என்பது அடுத்து வரும் பேச்சு. இது ஊட்டியல்ல என்பது உண்மைதான். ஆனால் கைக்குழந்தையின் உடம்பு பெரியவர் உடம்பின் சின்ன அளவு அல்ல. அதன் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். தலையே உடம்பில் பெரும் பங்கு. உடல் நடுங்கிச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளும் திறன் பிறந்த சிசுவுக்கு இல்லை. கழுத்தோரத்திலும் முதுகிலும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது தன்னைச் சூடாக வைத்துக்கொள்கிறது, அந்த இருப்பும் கொஞ்சம்தான். பிரசவ அறையின் வெப்பம் 25 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கார்த்திகை விடியலில் நமக்குச் சுகமாக இருக்கும் காற்று அதைவிடக் குளிர்ந்தது. போதாக்குறைக்குத் தூளி அந்தரத்தில் தொங்குகிறது. மெத்தையில் கிடக்கும் பிள்ளைக்கு முதுகுப் பக்கம் அடைப்பு உண்டு. தூளியில் கிடப்பதற்கு ஒற்றைப் புடவைத் துணிதான், அதற்குக் கீழே காற்று. படம் எடுப்பதற்காகச் சரிகைப் பட்டுப் பாவாடையோ வலைத்துணி கவுனோ மாட்டி, காலைத் தூளிக்கு வெளியே நீட்டவிட்டுத் தூக்கிப் போகும்போது பிள்ளை சிணுங்கினால், கூட்டத்தைக் கண்டு மிரளுகிறது என்கிறோம். சரிகை குத்துவதும் கால் சில்லிட்டிருப்பதும் யாருக்கும் தோன்றுவதில்லை.

விதியைக் காட்டிச் சொல்லும் மறுப்பு இதைவிடக் கனமானது. வருவது வந்தே தீரும், குல்லாய் போட்டா விதியைத் தடுப்பது என்பார்கள். இதற்கான பதில் சைவத்துக்குள்ளேயே இருக்கிறது. திருஞானசம்பந்தர் கொடிமாடச்செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது பனிக்காலம் வந்து அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது என்கிறது பெரியபுராணம். முன்வினை, அனுபவியுங்கள் என்று சம்பந்தர் சும்மா இருக்கவில்லை. திருநீலகண்டப் பதிகம் பாடினார். வினை வினை என்று சொல்லிக்கொண்டே தப்பும் வழியைத் தேடாமலிருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று கேட்பதுதான் அந்தப் பதிகத்தின் தொடக்கக் கருத்து. அவர் பாடினார், நாம் ஸ்வெட்டரைத் தேடுகிறோமே, இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்லதான். ஆனால் வினையைச் சாக்காக வைத்துக் கையைக் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்ற நிலைப்பாடு இரண்டுக்கும் பொது. சம்பந்தரே பால்மணம் மாறாத வயதில் ஊர் ஊராக நடந்தவர். அந்தப் பிஞ்சுக் கால் நோவது பொறுக்காமல் திருவரத்துறையில் இறைவன் முத்துச் சிவிகையும் குடையும் கொடுத்தார். பட்டீச்சரத்தில் வெயில் படாதிருக்க முத்துப் பந்தல் அனுப்பினார். என் பிள்ளை வெயிலைத் தாங்கட்டும், அதுதானே பக்தி என்று சிவபெருமான் சொன்னதாகச் சேக்கிழார் எழுதவில்லை.

அப்படியானால் சிறுத்தொண்டர் கதை என்ன சொல்கிறது? பைரவ வேடத்தில் வந்தவர் கேட்டார் என்பதற்காகப் பெற்ற மகன் சீராளனையே கறியாக்கிய கதை அது. பிள்ளையின் உடம்பைவிட நேர்த்திக்கடன் பெரிது என்பதற்கு இதைவிட வலுவான சான்று கிடைக்காது. எனக்கும் இது எளிதில் செரிக்கும் கதை அல்ல. ஆனாலும் கதையை அதன் முடிவு வரை படிக்க வேண்டும். வந்தவர் அந்த உணவைத் தொடவில்லை. பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார். பள்ளியிலிருந்து வருவதுபோல் சீராளன் ஓடி வந்தான். தெய்வம் பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பதற்கே அந்தக் கதை நடந்தது. தொண்டர்களில் ஒருவருக்கு நேர்ந்த அந்தச் சோதனையை நாமே நம் பிள்ளைக்கு வைக்க நமக்கு யாரும் அதிகாரம் தரவில்லை.

இன்னொரு பக்கமும் பார்க்கலாம். கல்லுக்கும் செம்புக்கும் குளிராது என்று தெரிந்தும் நாம் சாமிக்குப் போர்வை போர்த்துகிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் கார்த்திகை மாதக் கைசிக ஏகாதசியன்று 108 போர்வைகள் சாற்றுகிறார்கள். பூரி ஜெகந்நாதருக்கு மார்கழிக் குளிர் தொடங்கியதும் கனத்த ஆடை கட்டிவிடும் வழக்கம் உண்டு. அதெல்லாம் வைணவம் என்று ஒதுக்கினால் அண்ணாமலையின் சொந்தக் கதைக்கே வரலாம். எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில், பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவின் தேவி சல்லமாதேவியின் கையில் இறைவன் பச்சிளம் குழந்தையாகிறான். அந்த அரசனுக்கு மகன் முறையில் இன்றைக்கும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் அருணாசலேசுவரர் திதி கொடுக்கிறார். கைக்குழந்தை வடிவத்தில் கடவுளைப் பார்க்கப் பழகிய ஊர், தன் தெருவில் வரும் கைக்குழந்தைக்குக் குல்லாய் மாட்டுவதை எப்படி அவநம்பிக்கை என்று சொல்லும்?

அந்தக் காலத்துப் பாட்டிகள் ஸ்வெட்டரா போட்டார்கள் என்பதையும் கேட்காமல் விடமாட்டார்கள். போடவில்லை. ஆனால் பிள்ளை பெற்றவளையும் பிள்ளையையும் வாரக்கணக்கில் வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய நூல்புடவையில் சுற்றி மடியிலேயே போட்டுக்கொண்டார்கள். விடியலில் மொபெட்டில் முன்னால் வைத்துக் காற்றில் கொண்டுபோகவில்லை. அதற்காக மூச்சு முட்ட மூட்டை கட்டுவதும் ஆபத்துதான், புழுக்கமும் சிசுவுக்கு ஆகாது. நாம் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு கூடுதலாக இருந்தால் போதும். உடம்பை ஒட்டி நூல் சட்டை, அதன்மேல் கம்பளி, காதை மூடும் குல்லாய், காலுறை. கையும் காலும் கொஞ்சம் சில்லென்றிருந்தால் பதற வேண்டாம், பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றலாம், குளிர்ந்திருந்தால் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். தூளிக்குள் அடியில் ஒரு கெட்டித் துண்டு விரிக்கலாம். மழை வந்தால் பிளாஸ்டிக் தாளைக் குழந்தையின் முகத்துக்கு மேல் போர்த்தவே கூடாது. ஈரத்துணியை உடனே மாற்ற வேண்டும், ஈரம்தான் சூட்டை முதலில் திருடுகிறது.

இவ்வளவு சங்கடம் எதற்கு, பச்சைப் பிள்ளையைக் கூட்டத்துக்குக் கொண்டு போகாமலே இருக்கலாமே என்று மருத்துவம் படித்தவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. நேர்ந்துகொண்டதை விட்டுவிடச் சொன்னால் எந்தத் தாயும் கேட்கமாட்டாள், ஆனால் தள்ளிப் போடச் சொன்னால் யோசிப்பாள். முடியிறக்குவதை ஒற்றைப்படை வயது பார்த்து ஒத்திப்போடுகிறோம், அதைச் சாமி குத்தம் என்று யாரும் சொல்வதில்லை. தீபத்திலேயே இப்படி விட்டுக்கொடுத்ததைப் பார்த்தோம்: 2024 டிசம்பர் 1 அன்று பெய்த பெருமழையில் அண்ணாமலைச் சரிவில் மண் சரிந்து ஏழு உயிர் போனது. அந்த ஆண்டு தீபத்துக்குப் பொதுமக்களை மலையேற விடவில்லை. தீபம் வழக்கம்போல் ஏறியது, ஏற முடியாதவர்கள் கீழே நின்று கும்பிட்டார்கள். ஆகவே கீழ்பென்னாத்தூரிலிருந்து கிளம்புகிறவர்களே, பிள்ளைக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லையென்றால், அல்லது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தால், கரும்பு அடுத்த கார்த்திகைக்கும் கிடைக்கும். இந்த ஆண்டே போவதென்றால் வெயில் ஏறிய பிறகு பஸ்ஸில் போங்கள். பட்டுப் பாவாடையைப் பையில் வையுங்கள், படம் எடுக்கும்போது ஸ்வெட்டருக்கு மேலேயே மாட்டிவிடலாம்.